ஒரு தனிமம், ஒரு கோடு

அறிவியலின் வரலாற்றை இனி எழுதப் போகிறவர்கள் அதை இரண்டே காலங்களாகப் பிரித்தால் போதும். எங்கள் இயக்குநர் பதவியேற்பதற்கு முன், பதவியேற்ற பின். முந்தைய காலத்தில் அணுக்கள் தம் இஷ்டத்துக்கு நடந்துகொண்டன. பிந்தைய காலத்தில் அவை அலுவலக ஒழுங்குக்குக் கட்டுப்பட்டன. மிகைப்படுத்துவது என் தொழில்தான் என்றாலும், இந்த விஷயத்தில் அதற்கு அவசியமே ஏற்படவில்லை.

நான் பொருள் பரிசோதனை நிலையத்தின் மக்கள் தொடர்பு அலுவலர். நிலையத்தில் நடப்பதை மக்களுக்குச் சொல்வது என் முதல் கடமை. மக்களுக்குச் சொன்னது நிலையத்தில் நடக்காதபோது அதை விளக்குவது இரண்டாவது. எந்த விழாவானாலும் வரவேற்புரையும் நன்றியுரையும் என்னுடையவை. நடுவில் பேசுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

இயக்குநர் எங்களிடம் வந்தது சீருடைக் கொள்முதல் துறையிலிருந்து. காவலர், செவிலியர், தீயணைப்பு வீரர், பேருந்து நடத்துநர் என்று அத்தனை பேருடைய உடம்பையும் மூன்றே அளவுகளில் அடக்கிய மேதை அவர். சட்டை பொருந்தவில்லை என்று மனு கொடுத்தவர்களுக்கு, "உடம்புக்கு ஆவன செய்துகொள்ளவும்" என்று பதில் அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்டவரை அறிவியல் பக்கம் அனுப்பியது அரசின் தொலைநோக்கு. சீருடைத் துறையினரின் நிம்மதியும் அதில் கலந்திருந்ததாகச் சிலர் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை, ஏனென்றால் அவர்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்கிறார்கள்.

வந்ததும் அவர் செய்த முதல் சீர்திருத்தம், குடுவைகளில் திரவங்களை ஊற்றி நிறம் பார்க்கும் பழைய வேதியியல் ஆய்வகத்தை மூடி, அதைக் கூட்ட அரங்காக்கியது. கழுவுதொட்டிகளை அகற்ற நிதி இல்லாததால் அவை அப்படியே இருந்தன. ஆகவே, ஒவ்வோர் உறுப்பினருக்கும் முன்னால் ஒரு குழாயும் தொட்டியும் உள்ள கூட்ட அரங்கு எங்களுக்கு வாய்த்தது. எந்த முடிவை எடுத்தாலும் அங்கேயே கை கழுவிக்கொள்ளலாம்.

மிஞ்சியது அடித்தளத்தில் இருந்த எக்ஸ்-கதிர்க் கருவி. அதோடு, அந்தக் கருவியை இயக்கிய விஞ்ஞானி.

விஞ்ஞானியை எல்லோரும் 'அரைவோல்ட்' என்றுதான் சொல்வோம். கருவியின் திரையில் தனிமங்கள் கோடுகளாகத் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கென்று ஓர் இடம். குரோமியத்தின் கோடு ஒன்று ஆறாயிரம் எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று முன்னால் நிற்கும். அது அரை வோல்ட் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்துவிட்டால் அம்மையார் மதியச் சாப்பாட்டை மறந்துவிடுவார். அந்த நகர்வை நம்மை மறக்க விட மாட்டார். உரக்கப் பேசுவார். பிறர் பேசும்போது கடிகாரத்தைப் பார்ப்பார். தன் பிஸ்கட் டப்பாவை யார் தொட்டாலும் விசாரணை நடத்துவார். அவருக்கு நண்பர்கள் அதிகம் இல்லை என்பது அவருடைய குறையா நண்பர்களுடைய குறையா என்று தீர்மானிக்க இன்னும் குழு அமைக்கப்படவில்லை.

இருவரும் முதன்முதலில் சந்தித்தது ஒரு வரலாற்று நிகழ்வு. பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் பதிவு செய்கிறேன்.

கருவிக்குப் புதிய படிகம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. வரும் கதிர்களை வோல்ட் வாரியாகப் பிரித்து அனுப்பும் வளைந்த படிகம். "புதிய நிறமாலையைக் காண வருக" என்று அரைவோல்ட் இயக்குநருக்கு ஒரு வரி எழுதி அனுப்பினார். இயக்குநர் அதை நிதானமாகப் படித்து, பிரிக்க வேண்டிய இடத்தில் பிரித்து, சாயங்காலம் ஆறு மணிக்கு ஊதா நிறக் கோட்டு போட்டுக்கொண்டு மனைவியோடு வந்து இறங்கினார். மனைவி கிளிப்பச்சையில் இருந்தார். அரைவோல்ட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நிகழ்ச்சி எங்கே நடக்குது?" என்றார் இயக்குநர்.

"எந்த நிகழ்ச்சி சார்?"

"நிற மாலைன்னு எழுதியிருந்தீங்களே. நாங்க கலரா வந்திருக்கோம் பாருங்க."

"அது நிறமாலை சார். ஒரே வார்த்தை. ஸ்பெக்ட்ரம்."

"சரி, ஒரே வார்த்தையாவே இருக்கட்டும். யார் பாடறாங்க?"

"குரோமியம்" என்றார் அரைவோல்ட்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். பெயர் கேள்விப்பட்டிருப்பதாகத் தலையை ஆட்டிவிட்டு நான் நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாமல் அரைவோல்ட் பையை இறக்கி வைத்து, கருவியை மறுபடி உயிர்ப்பித்தார். காற்றை உறிஞ்சும் பம்பு முனகத் தொடங்கியது. திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்து மெல்ல ஒரு மலையாக எழுந்தன.

"இதுதான் குரோமியம். இது ஒரு இடைநிலை உலோகம்" என்றார்.

"இடைநிலையா? அப்ப இன்னும் நிரந்தரம் ஆகலையா?"

"அது அந்த இடைநிலை இல்ல சார். எலக்ட்ரான்களோட கணக்கு. அணுவை ஒரு அடுக்குமாடி வீடுன்னு வெச்சுக்குங்க. கீழ்த்தளத்துல இருக்கற ஒரு ஆளை எக்ஸ்-கதிரால அடிச்சு வெளியே தள்ளறோம். அங்க ஒரு காலியிடம் வருது. மேல் மாடியிலேருந்து ஒருத்தர் அதுல வந்து விழறார். விழறப்ப ஒரு சத்தம் வருமில்லையா? அந்தச் சத்தம்தான் இந்தக் கோடு."

"ரொம்ப ஆபத்தான வீடு" என்றார் இயக்குநரின் மனைவி.

"ஆமாம்மா. இப்ப விசேஷம் என்னன்னா, உச்சி மாடியில இருக்கறவங்களுக்குப் பக்கத்து வீட்டோட சகவாசம் உண்டு. குரோமியம் ஆக்சிஜனோட பிணைஞ்சா, உச்சி மாடி ரெண்டு வீட்டுக்கும் பொதுவாயிடும். அப்ப சில நேரம் நம்ம வீட்டுப் பள்ளத்துல பக்கத்து வீட்டுக்காரன் வந்து விழுவான்."

"அத்துமீறல்!" என்றார் இயக்குநர்.

"அதுக்குப் பேர் வேதிப்பிணைப்பு சார். அந்தச் சத்தம் தனியாக் கேக்கும். இதோ, பெரிய மலைக்கு வலப்பக்கம் சின்னதா ஒரு முகடு தெரியுதே, அதுதான். இடப்பக்கம் தொப்பை மாதிரி ஒரு மேடு இருக்கு. அது குரோமியம் தன் உச்சி மாடி ஆளுங்கள்ல சில பேரை இன்னும் கையில வெச்சிருக்குங்கறதுக்கு அடையாளம். எல்லாரையும் ஆக்சிஜனுக்குத் தாரை வார்த்துட்டா தொப்பை காணாம போயிடும், வலப்பக்க முகடு உயரும், பெரிய மலையே ஒரு வோல்ட் அளவுக்கு நகரும். அதே குரோமியம்தான். ஆனா யாரோட சேர்ந்திருக்கு, எப்படிச் சேர்ந்திருக்குங்கறதை அதோட குரலே காட்டிக் கொடுத்துடும்."

அந்த நேரத்தில் இயக்குநரின் கைபேசி அடித்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, முதுகை வளைத்து, "ஐயா... சொல்லுங்க ஐயா... உத்தரவு ஐயா..." என்று புல்லாங்குழலில் பேசினார். வைத்த மறுகணம் ஓட்டுநர் அழைத்தார். "வண்டியை எங்கய்யா நிறுத்தித் தொலைச்சே!" என்று முரசில் பேசினார்.

"புரிஞ்சுபோச்சும்மா" என்று மனைவி அரைவோல்ட்டிடம் சொன்னார். "எங்க வீட்டுலயும் ஒரு இடைநிலை உலோகம் இருக்கு."

அரைவோல்ட் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டப்பாவைத் திறந்து அந்த அம்மாளுக்கு ஒரு பிஸ்கட்கூடக் கொடுத்தார்.

ஆனால் இயக்குநருக்குப் புரிந்தது வேறு. மறுநாள் காலை சுற்றறிக்கை வந்தது. "தனிமங்களின் கோடுகள் அட்டவணையில் குறிப்பிட்ட இடத்தை விட்டு நகர்வது, தொப்பை வைப்பது, அண்டைத் தனிமங்களை உள்ளே அனுமதிப்பது ஆகிய ஒழுங்கீனங்கள் கவனத்துக்கு வந்துள்ளன. இனி இந்நிலையத்தில் ஒரு தனிமம், ஒரு கோடு என்ற நெறி கடைப்பிடிக்கப்படும்." கீழே கையெழுத்து. அதற்கும் கீழே, நான் சேர்த்த வாசகம்: "நேர்மை என்பது நேர்கோடே."

இந்த நெறி பேச்சளவில் நின்றுவிடாமல் நாட்டுக்குப் பயன்பட ஒரு வாய்ப்பும் சீக்கிரமே வந்தது. மழலையர் பள்ளிகளுக்கெல்லாம் புது நாற்காலிகள் வாங்க நகராட்சி முடிவு செய்திருந்தது. உட்கார்ந்தால் குழந்தையின் கால் தரையைத் தொடும் அளவுக்குச் சின்னச் சின்ன நாற்காலிகள். எலுமிச்சை மஞ்சள். பார்த்தாலே எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கும். செய்து கொடுத்தவரை நாங்கள் 'நாற்காலிக்காரர்' என்போம். பண்பாளர். எங்கள் நிலையத்துக்கு வந்தால் வாயிற்காவலரிலிருந்து எல்லோரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

நாற்காலிகளின் வண்ணத்தில் குரோமியம் இருந்தது. அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஆனால் குரோமியத்தில் சாதுவும் உண்டு, விஷமும் உண்டு. ஆக்சிஜனோடு அது எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் இருந்தது சாது. விலை கூடுதல். தரச் சான்றிதழுக்காக எங்களிடம் வந்த ஒரு நாற்காலியின் காலிலிருந்து அரைவோல்ட் கொஞ்சம் மஞ்சளைச் சுரண்டிக் கருவியில் வைத்துப் பார்த்தார். தொப்பை இல்லை. வலப்பக்கம் முகடு ஓங்கி நின்றது. மலை நகர்ந்திருந்தது.

அவர் படியேறி இயக்குநரின் அறைக்கு ஓடியபோது நான் அங்கே இருந்தேன்.

"சார், இது அந்த குரோமியம் இல்ல. இது விஷம். குழந்தைங்க நாற்காலியைக் கடிக்கும், நக்கும், சுரண்டும். சான்றிதழ் தர முடியாது."

"எவ்வளவு இருக்கு?"

"அளவு சரியாத்தான் இருக்கு சார். ஆனா வகை வேற."

"அளவு சரியா இருக்கில்ல?"

"எலிப் பாஷாணத்தைக்கூட அளவு சரியாப் போட்டு விக்கலாம் சார்!"

இயக்குநர் கோபப்படவில்லை. பெரிய மனம். "பாருங்கம்மா, சட்டைன்னா சட்டை. உள்ளே யார் இருக்கான்னு நான் பாக்கறதில்ல. குரோமியம்னா குரோமியம். அது யாரோட பழகுதுங்கறது அதோட சொந்த விஷயம். நாம தலையிடக் கூடாது" என்றார்.

தனிமனித உரிமையை அணு அளவில் மதித்த நிர்வாகியை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

அன்று மதியம் குழாய் அரங்கில் 'கோடு ஒழுங்கு நடவடிக்கைக் குழு' கூடியது. வெளியிலிருந்து ஒரு மென்பொருள் ஆலோசகர் வரவழைக்கப்பட்டிருந்தார். அவருடைய மென்பொருளுக்கு 'நேர்த்தி' என்று பெயர். அது வேலை செய்த விதத்தைப் பார்த்துவிட்டு அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'இஸ்திரி'.

"எங்க சாஃப்ட்வேர் என்ன பண்ணும்னா, கோட்டுல இருக்கற சுருக்கத்தையெல்லாம் எடுத்துடும்" என்று இஸ்திரி விளக்கினார். "தொப்பை, முகடு, எதுவும் இருக்காது. நகர்ந்து போன மலையை அட்டவணையில இருக்கற இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்திடும்."

"அந்தச் சுருக்கத்துலதான்யா விஷயமே இருக்கு!" என்று அரைவோல்ட் கத்தினார். "டாக்டர்கிட்ட போய், நாடித் துடிப்பெல்லாம் கொஞ்சம் மேடு பள்ளமா இருக்கு, நேர்கோடாக்கிக் கொடுங்கன்னு கேப்பீங்களா?"

"கேட்டா நிம்மதியா இருக்குமே" என்றார் குழு உறுப்பினர் ஒருவர்.

செய்முறை விளக்கத்துக்கு எல்லோரும் அடித்தளத்துக்கு இறங்கினோம். இயக்குநரின் இடுப்பு வாரிலிருந்த குரோமியக் கொக்கி, அரங்கிலிருந்து கழற்றிய குரோமியக் குழாய், நாற்காலியின் மஞ்சள் மூன்றையும் கருவியில் வைத்து இஸ்திரி போட்டார்கள். மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சுப் பிசகாமல் படிந்தன. இயக்குநரின் கண்கள் பனித்தன. "சீருடை!" என்றார், தழுதழுத்த குரலில்.

அரைவோல்ட் கையெழுத்துப் போட மறுத்தார். 'நேர்த்தி'க்குத் தானே கையெழுத்துப் போடும் வசதியும் இருந்ததால் நிர்வாகம் முடங்கவில்லை. விஞ்ஞானிக்குக் கீழ்த்தளம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கருணையோடு கண்டறியப்பட்டு, அவர் முன்வாசலில் பார்வையாளர் வழிகாட்டியாக நியமிக்கப்பட்டார். அவர் மேஜையில் நான் எழுதிய துண்டுப் பிரசுரங்களை அடுக்கி வைத்தோம். வருகிறவர்களுக்கு அவற்றைக் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. அவரும் கொடுத்தார், சிவப்பு மையால் என் பிழைகளைத் திருத்திவிட்டு. பொய்களையும் பிழைகளோடு சேர்த்துத் திருத்தியதால் பிரசுரங்கள் கொஞ்சம் அழுக்காகத் தெரிந்தன.

எனக்கு அது வருத்தம்தான். நான் ஓர் இடைநிலை அலுவலர். மேலே இருப்பவர்கள் பக்கம் சாய்ந்தால் ஒரு நிறம், கீழே இருப்பவர்கள் பக்கம் சாய்ந்தால் ஒரு நிறம். அந்த நாட்களில் முன்வாசல் வழியாக வராமல் சைக்கிள் நிறுத்தும் பக்கமாகச் சுற்றி வந்தேன். நடை உடம்புக்கு நல்லது.

நாற்காலிகளை ஒப்படைக்கும் விழா நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பிற்பகல் நாற்காலிக்காரர் எனக்குத் தொலைபேசினார்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி."

"சொல்லுங்க."

"எந்தெந்தப் பள்ளிக்கு எத்தனை நாற்காலின்னு நீங்கதானே அறிவிக்கப் போறீங்க? அதுல கிழக்கு ரோட்டுப் பள்ளியை மட்டும் விட்டுடுங்கண்ணே."

"ஏன், அவங்களுக்குப் பழைய நாற்காலியே போதுமா?"

"அங்க என் பொண்ணு படிக்குது."

"நல்லதுதானே? அப்பா செஞ்ச நாற்காலியில பொண்ணு உக்காரட்டுமே."

"இல்லண்ணே... அது எதைப் பாத்தாலும் கடிக்கும். பென்சில், கதவு, என் கைக்கடிகார வாரு... ஒண்ணையும் விடாது. உங்களுக்குத் தெரியாதது இல்ல. வெச்சுடட்டுமா?"

வைத்துவிட்டார். எங்கள் நிலையத்தில் இயக்குநர் நம்பாத, குழு நம்பாத, இஸ்திரி நம்பாத வேதிப்பிணைப்பை மனப்பூர்வமாக நம்பிய ஒரு மனிதர் வெளியே இருந்திருக்கிறார். அரைவோல்ட்டுக்காவது அதைச் சொல்லக் கருவி தேவைப்பட்டது. இவருக்கு மகள் இருந்தாள். அது போதுமாக இருந்தது.

முன்வாசல் வழியாகவே போனேன். அரைவோல்ட் ஒரு பிரசுரத்தில் என் முதல் வாக்கியத்தை அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

"போய் இயக்குநர்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா, அது அவரோட குடும்ப விஷயம், தலையிடக் கூடாதும்பார்."

"பத்திரிகைக்குச் சொல்லுங்க."

"பத்திரிகைக்கு நான் சொல்றதை யாரும் நம்ப மாட்டாங்க. அப்படித்தான் இத்தனை வருஷம் எழுதியிருக்கேன்."

"அப்ப உங்களால என்னதான்யா முடியும்?"

யோசித்தேன். "பாராட்ட முடியும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. "அப்ப பாராட்டித் தொலைங்க" என்றார்.

விழா குழாய் அரங்கிலேயே நடந்தது. ஆசிரியைகளும் பெற்றோர்களும் வந்து தொட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு குழந்தைகள் ஒரு குழாயைத் திறந்துவிட்டதால் முன்வரிசை கொஞ்சம் நனைந்தது. மேடையில் மஞ்சள் நாற்காலிகள் பூத்துக் குலுங்கின. இயக்குநர் ஒரு மணி நேரம் நேர்கோட்டைப் பற்றி வளைத்து வளைத்துப் பேசினார். இஸ்திரிக்குக் கேடயம் கொடுக்கப்பட்டது. இயக்குநரின் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்து, அரைவோல்ட் இல்லாத அடித்தளத்தின் கதவைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார்.

பிறகு நன்றியுரை. எழுந்தேன். பக்கத்துக் குழாயில் ஒரு மடக்குக் குடித்தேன்.

"நிறைவாக, நாற்காலி வழங்கிய பெருமகனாருக்கு நம் நன்றி. பிற ஒப்பந்ததாரர்கள் பொருளைச் செய்வதோடு நின்றுவிடுகிறார்கள். இவரோ அதன் வேதியியலையும் அறிந்தவர். குரோமியம் எல்லாம் ஒன்றல்ல, அது யாரோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதே முக்கியம் என்ற அரிய உண்மையைத் தம் சொந்த வாழ்வில் கடைப்பிடிப்பவர். அதனால்தான், தம் அருமை மகள் படிக்கும் கிழக்கு ரோட்டுப் பள்ளிக்கு மட்டும் இந்த நாற்காலிகள் போய்விடக் கூடாது என்று என்னிடம் அன்போடு கேட்டுக்கொண்டார். இத்தகைய தந்தையைப் பெற்ற அந்தக் குழந்தை பாக்கியசாலி. பலத்த கரவொலி எழுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பழக்கதோஷத்தில் பின்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொரு கையாக நின்றது.

ஒரு தலைமை ஆசிரியை எழுந்தார். "கிழக்கு ரோட்டுப் பள்ளி எங்களதுதான். எங்களுக்கு ஏன் வேண்டாம்?"

நாற்காலிக்காரர் வியர்வையைத் துடைத்தார். "அது ஒண்ணுமில்ல டீச்சர்... பொண்ணு கடிப்பா..."

"எங்க பிள்ளைங்க மட்டும் என்ன, பல்லு இல்லாமலா பொறந்துச்சு?" என்று ஒரு தாய் எழுந்தார். அவரைத் தொடர்ந்து அரங்கமே எழுந்தது. குழந்தைகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்கள். மேடையில் இருந்த ஒரு மஞ்சள் நாற்காலியின் முதுகை ஏற்கெனவே நக்கிக்கொண்டிருந்த ஒரு வாண்டை அதன் அப்பா பாய்ந்து தூக்கி, அதே குழாயில் வாய் கழுவிவிட்டார். கூட்ட அரங்கில் தொட்டிகள் இருந்ததன் பயனை அன்றுதான் நேரில் கண்டேன்.

"அமைதி! அமைதி! சான்றிதழ் இருக்கு!" என்றார் இயக்குநர்.

"சான்றிதழைக் கடிக்கக் கொடுங்க!" என்றது ஒரு குரல்.

அப்போது இயக்குநரின் மனைவி எழுந்து நின்றார். "ஏங்க, இதுக்கு எதுக்குச் சண்டை? அந்த மெஷினைப் போட்டுப் பாத்துடலாம். இஸ்திரி போடாம." அவர் கணவரைப் பார்த்த பார்வையில் இயக்குநரின் குரல் மறுபடி புல்லாங்குழலுக்கு மாறிவிட்டது. "சரிம்மா" என்றார்.

அரைவோல்ட் முன்வாசல் மேஜையிலிருந்து ஓடி வந்தார். அடித்தளத்தில் இடம் இல்லாததால் பெற்றோர்கள் படிகளிலும் நடைவழியிலும் நின்றார்கள். நாற்காலிக் காலிலிருந்து சுரண்டிய மஞ்சள் உள்ளே போனது. பம்பு முனகியது. திரையில் புள்ளிகள் விழத் தொடங்கின. அரைவோல்ட்டின் முகத்தைப் பார்த்தேன். தான் சொன்னது சரி என்று தெரிந்தும், தப்பாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறவர் முகம் போலிருந்தது. மலை எழுந்தது. இடப்பக்கம் வழித்துவிட்டாற்போல இருந்தது, தொப்பையே இல்லை. வலப்பக்கம் மெதுவாக, வெட்கமில்லாமல், முகடு எழும்பியது.

"வந்து விழுந்துட்டான் பாரு, பக்கத்து வீட்டுக்காரன்" என்றார் இயக்குநரின் மனைவி. படிக்கட்டு வரை அந்த வாக்கியம் கைமாறிப் போனது. வெளியே சாலையில் நின்றவர்களுக்கு அது யாரோ மாடியிலிருந்து விழுந்துவிட்டார்கள் என்று போய்ச் சேர்ந்து, ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

நாற்காலிக்காரர் சுவரோரம் குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "விலை கட்டுபடியாகலை" என்றார். யாரும் அவரை அடிக்கவில்லை. தலைமை ஆசிரியை மட்டும் அவர் எதிரில் போய் நின்று, "நாளைக்கும் உங்க பொண்ணு பள்ளிக்கு வரட்டும். அது பண்ணுனது ஒண்ணுமில்ல" என்றார். அடி வாங்கியிருந்தால்கூட மனிதர் அவ்வளவு குன்றியிருக்க மாட்டார்.

நாற்காலிகள் திரும்பிப் போயின. வண்ணம் பூசாத மர நாற்காலிகள் வந்தன. குழந்தைகள் அவற்றையும் கடித்துப் பார்த்து, சுமார் என்று தீர்ப்பளித்தன. அரைவோல்ட்டுக்கு அடித்தளம் திரும்பக் கிடைத்தது. முதல் வேலையாகப் பிஸ்கட் டப்பாவை எண்ணிப் பார்த்து ஒரு விசாரணையைத் தொடங்கினார். என்னை ஒரு நாள் கூப்பிட்டு, "உங்க நன்றியுரையில ரெண்டு சந்திப் பிழை" என்றார். அவர் மொழியில் அது அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

உயர்மட்ட விசாரணையும் நடந்தது. நிலையத்தில் எவரும் தவறு செய்யவில்லை என்றும், குரோமியம் தன் பிணைப்பு விவரங்களை உரிய அலுவலரிடம் முன்கூட்டியே தெரிவிக்கத் தவறியதே குழப்பத்துக்குக் காரணம் என்றும் குழு கண்டறிந்தது. கருவியை மறுபடி இயக்கத் தக்க நேரத்தில் 'சரிம்மா' என்று உத்தரவிட்ட துணிச்சலுக்காக இயக்குநருக்குப் பதவி உயர்வு பரிந்துரைக்கப்பட்டது.

இப்போது அவர் மருந்துத் தரக் கட்டுப்பாட்டுத் துறையின் தலைவர். பதவியேற்ற அன்றே மாத்திரைகளை வரிசையாகப் பரப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எல்லாமே வெள்ளையா வட்டமாத்தானே இருக்கு, இதுக்கு எதுக்கு இத்தனை பேரு?" என்று கேட்டாராம். அந்தத் துறையின் மக்கள் தொடர்பு அலுவலர் நல்ல மனிதர், ஆனால் புதியவர். தலைவரை எப்படிப் பாராட்ட வேண்டும் என்று நேற்று என்னிடம் தொலைபேசியில் கேட்டார். சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். அவர் நன்றாகப் பாராட்டக் கற்றுக்கொள்ளும் வரை, பொதுமக்கள் காய்ச்சல், தலைவலி முதலியவற்றைத் தள்ளிப்போடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.